தைலம் வைத்த வண்டிகள்

என் மாமனார் ஆறுச்சாமி எப்படிப்பட்டவர் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கொஞ்ச நேரம் பொறுத்தால் நல்லதும் சொல்வேன். அவரோடு ஒரே கூரையின் கீழ் குப்பை கொட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் என் கஷ்டம் தெரியும். குழம்பு கொதிக்கும்போதே வாசலில் நின்று மோந்து பார்த்து, "அம்மிணி, மல்லி கொஞ்சம் தூக்கலாப் போச்சாட்ட இருக்குது" என்பார். அடுப்படிக்குள் எட்டிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். எரிச்சலாக இருக்குமா இருக்காதா, நீங்களே சொல்லுங்கள்.

நான் காரமடைக்காரி. பெயர் ராஜப்ரியா. கல்யாணமாகி நீலகிரி மலையேறி வந்து, ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சண்டை போடக் கற்றுக்கொண்டவள். கட்டபெட்டில் ரோட்டோரமாக என் வீட்டுக்காரர் தரணிதரன் மெக்கானிக் கடை வைத்திருக்கிறார். கடையின் முன்பாதியில் ஸ்பேர் பார்ட்ஸ் விற்கிற கவுண்டர் என்னுடையது. வீடு கடைக்குப் பின்னாலேயே. மாமியார் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது. அதனால் வீட்டில் மாமாவுக்கு வாய்த்த எதிராளி நான் ஒருத்திதான்.

மாமா ஒரு தேயிலை ஃபேக்டரியில் டீ மேக்கர். பெண் பார்க்க வந்த அன்றைக்கு இதைச் சொன்னதும், "டீக்கடை எந்தப் பக்கமுங்க?" என்று என் சித்தப்பா கேட்டுவிட்டார். மாமா முகம் சுளிக்கவில்லை. பச்சை இலை எவ்வளவு நேரம் வாட வேண்டும், அரைத்த இலையை எப்போது சூட்டுக்குள் விட வேண்டும், இதெல்லாம் டீ மேக்கர் மூக்கைக் கேட்டு முடிவு செய்கிற விஷயம் என்று, காப்பி ஆறிப்போகும் வரைக்கும் சித்தப்பாவுக்கு விளக்கினார். சித்தப்பா கடைசியில், "அப்ப டீக்கடை இல்லீங்களா?" என்றார்.

பிறகு இலை விலை விழுந்தது. முன்னேயும் விழுந்திருக்கிறது, எழுந்திருக்கிறது. இந்த முறை எழவே இல்லை. பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடியெல்லாம் ஆள் மறைகிற மாதிரி வளர்ந்தது. ஃபேக்டரி முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடியது. பிறகு இலை வந்தால் ஓடும் என்றார்கள். பிறகு கேட்டில் பூட்டுத் தொங்கியது.

அதற்குப் பிறகு வீட்டுக்குள் மாமாவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. கம்பளிக் குல்லாவோடு நாற்காலியில் உட்காருவார். டிவி ஓடும், பார்க்க மாட்டார். எது கேட்டாலும் "செரி" என்பார். சாப்பிடுங்க என்றால் செரி. படுங்க என்றால் செரி. ஒரு நாள் வேண்டுமென்றே ரசத்தில் உப்புப் போடாமல் கொண்டுபோய் வைத்தேன். முழுக்கக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். "நல்லாருக்குதுங்களா மாமா?" என்றேன். "செரி அம்மிணி" என்றார். அடுப்படிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன். அடுத்தவர் முன்னால் அழுகிற வழக்கம் எனக்கில்லை.

அவரை நாற்காலியிலிருந்து எழுப்பியது ஒரு மருந்தடிக்கிற மோட்டார். எங்கள் வீட்டுக்குப் பின்சரிவில் பாலன் என்பவருக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. செடிக்கு மருந்தடிக்கிற மோட்டாரைப் பழுது பார்க்கக் கொடுத்தவர், திரும்ப வாங்கிப் போகவே இல்லை. கேட்டதற்கு, "இலைய வாங்க ஆளக் காணோம், மருந்தடிச்சு என்னுங்க பண்றது? அங்கயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மோட்டார் வாசலில் கிடந்தது. ஒரு நாள் காலையில் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தால், மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பழுதுக்கு வந்த பைக் ஒன்றை அந்த மோட்டாரால் கழுவிக்கொண்டு நிற்கிறார். குளிரில் கையெல்லாம் சிவந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு தெளிவு.

அன்றிலிருந்து எங்கள் வாசல் வாட்டர் வாஷ் ஆனது. யாரும் போர்டு வைக்கவில்லை, வண்டிகள் தானாக வந்தன. மற்ற இடங்களில் சேறு போனால் போதும் என்று அடித்து அனுப்புவார்கள். மாமா அப்படியா? சக்கரக் கம்பியை ஒவ்வொன்றாகத் துடைப்பார். செயினுக்கு அடியில் விரலை விட்டு எடுத்து, வெளிச்சத்தில் வைத்துப் பார்ப்பார். அவசரப்படுத்தினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். கழுவி முடித்ததும் பஞ்சை எடுத்துத் தைலத்தில் நனைத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் குனிவார். நீலகிரியில் தைலம் இல்லாத வீடு கிடையாது. தலைவலிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். வண்டிக்கு எதற்கு என்று கேட்டேன். "ஈரத்த இழுத்துப்போடும் அம்மிணி. இந்தப் பனியில வண்டிக்கும் சளி புடிக்குமல்ல?" என்றார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

வண்டி கழுவத் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் ஒரு வாய் வைத்ததும் நிமிர்ந்து, "ஏனம்மிணி, தாளிக்கறப்ப சீரகத்தக் கருக உட்டுட்டயா?" என்றார். எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள்! கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுப்பேனா? "வேணும்னா நீங்களே வந்து தாளிங்க மாமா" என்றேன்.

அந்தச் சந்தோஷத்தில் மண் விழத்தான் சென்சார் கோளாறுகள் வரிசையாக வந்து சேர்ந்தன.

பழைய பைக்குக்கு ஒன்றும் ஆகாது. பிளக்கில் தண்ணீர் இறங்கினால் துடைத்துவிட்டு உதைத்தால் கிளம்பிவிடும். இப்போது வருகிற வண்டி அப்படியில்லை. சைடு ஸ்டாண்டு போட்டிருக்கிறதா என்று பார்க்க ஒரு சென்சார், சக்கரம் சுற்றுகிற வேகத்தைப் பார்க்க ஒன்று, புகை எப்படி வருகிறது என்று பார்க்க ஒன்று. ஒவ்வொன்றின் வயரும் ஒரு சின்னப் பிளாஸ்டிக் கப்ளரில் வந்து சேரும். அதற்குள் ஒரு சொட்டு ஈரம் போனால் போதும், ஸ்டாண்டை எடுத்திருந்தாலும் எடுக்கவில்லை என்று வண்டி அடம் பிடிக்கும். கியர் போட்டதும் பொசுக்கென்று அணையும். இல்லையென்றால் மீட்டரில் மஞ்சள் விளக்கு எரியும்.

மாமா கழுவிக் கொடுத்த வண்டிகள் இப்படித் திரும்பி வந்தன. தரணிதரன் கப்ளரைக் கழற்றி, காற்றடித்துக் காய வைத்து மாட்டினால் சரியாகிவிடும். ஆனால் பனி இறங்கினால் மறுபடியும் அதே வண்டி, அதே கோளாறு. கழுவியே பல நாளான வண்டிகூட வந்து நின்றது. அதுதான் யாருக்கும் விளங்கவில்லை. "ஆறுச்சாமி கை பட்டா வண்டி படுத்துரும்" என்று டீக்கடையில் கேலி பேச ஆரம்பித்தார்கள்.

கேலியோடு போயிருந்தால் பரவாயில்லை. நர்ஸ் கீர்த்தனாவின் ஸ்கூட்டர் ஒரு சாயங்காலம் பனிமூட்டத்தில் வளைவிலேயே நின்றுவிட்டது. அந்தப் பெண்ணின் அப்பா அம்மா சிலோனிலிருந்து வந்து எஸ்டேட்டில் வேலை செய்து படிக்க வைத்தவர்கள். அவள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிறவள். ரோட்டு நடுவில் காட்டெருமை ஒன்று நின்றிருக்கிறது. முன்னால் போகவும் முடியாமல் பின்னால் தள்ளவும் முடியாமல், பஸ் ஒன்று வந்து ஹாரன் அடிக்கும் வரைக்கும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கிறாள். மறுநாள் வண்டியைக் கொண்டுவந்து கடையில் விட்டாள். யாரையும் ஒரு சொல் குறை சொல்லவில்லை.

அவள் போனதும் மாமா முன்னால் தரணிதரன் வந்து நின்றார். "அப்பா, நாளையிலிருந்து கழுவ வேண்டாமுங்க. மோட்டார உள்ள வெச்சுருங்க. யாருக்காச்சும் ஏதாச்சும் ஆச்சுன்னா நம்மால தாங்க முடியாது."

மாமா கையிலிருந்த துணியைப் பிழிந்து கொடியில் போட்டார். "செரி" என்றார்.

அதே பழைய செரி. இந்த மனுஷன் திரும்பவும் அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தால், இனிமேல் எழுப்ப என்னால் முடியாது. வண்டி, வாடிக்கை, பெயர் எல்லாம் எனக்கு அப்புறம்தான். தரணிதரன் பேசி முடித்து மோட்டாரைப் பின்கட்டில் வைத்துச் சாக்குப் போட்டு மூடிவிட்டு வந்ததும் பிடித்துக்கொண்டேன்.

"கோளாறு என்னன்னே தெரியாம மனுசன உக்கார வெப்பீங்களா? நீங்க என்ன மெக்கானிக்குங்க?"

"தண்ணி உள்ள போவுது. வேறென்ன தெரியோணும்?"

"அப்ப எல்லா வண்டியிலயும் போவோணுமல்ல? ஒரே மோட்டாரு, ஒரே தண்ணி, ஒரே கை!"

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் ஒன்றும் பிடிபடவில்லை. யோசித்துக்கொண்டு நிற்கும்போதே பொன்னுத்துரை வந்தார். பைக்கில் சுற்றித் தவணை வசூல் செய்கிறவர். வாயைத் திறந்தால் வசவுதான். "ஏ பெருசு, நேத்தே வரோணும்னு பாத்தேன், வண்டியக் கழுவு" என்று அவர் கத்த, இன்றைக்குக் கழுவுவதில்லை என்று சொல்லி அனுப்பினேன். முணுமுணுத்துக்கொண்டே ஒரே அழுத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். புது வண்டி. சென்சார் அத்தனையும் உள்ளது. வாரம் தவறாமல் எங்கள் வாசலில்தான் கழுவுகிறார்.

"அந்த ஆளு வண்டி ஒரு நாளாச்சும் நின்னிருக்குதாங்க?" என்றேன்.

தரணிதரன் யோசித்தார். "இல்ல."

"பனியில?"

"மழையிலயே நின்னதில்ல."

நின்ற வண்டிகள் யாருடையவை என்று இருவரும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தோம். கீர்த்தனா. ரேஷன் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற வாத்தியார். பால் ஊற்றுகிற எல்லப்பன். மகளைத் தினமும் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுகிற வேலாமணி. எல்லாருமே தங்கமான மனிதர்கள். மாமாவோடு நின்று பேசுகிறவர்கள், அவர் டீ பற்றிச் சொல்கிறதைக் காது கொடுத்துக் கேட்கிறவர்கள். நிற்காத வண்டிகளை எண்ணிப் பார்த்தால் பொன்னுத்துரை மாதிரி ஆட்கள். பிடித்தவர்கள் வண்டிக்கு மட்டும் மாமா கூடுதலாக என்ன செய்வார் என்று யோசித்தபோது தைலம் நினைவுக்கு வந்தது. நேராக மாமாவிடம் போனேன்.

"மாமா, பொன்னுத்துரை வண்டிக்குத் தைலம் வெப்பீங்களா?"

"அவனுக்கெதுக்குத் தைலம்?" என்றார், பட்டென்று. "வாய்க் கொழுப்புப் புடிச்சவன். தண்ணியடிச்சுத் தொடச்சு உட்டாப் போதாதா?"

"கீர்த்தனாவுக்கு?"

"அது புள்ளத்தாச்சிகளப் பாக்கற புள்ள. ஸ்டாண்டுகிட்ட, சக்கரத்துகிட்ட, ஒவ்வொரு கப்ளராக் கழட்டி, உள்ள தைலப் பஞ்சு உட்டுத் தொடச்சு மாட்டுவேன். ஒவ்வொரு வாட்டியும்."

வெளியில்தான் எங்கேயோ தடவுகிறார் என்று நான் நினைத்திருந்தேன். தரணிதரன் ஓடிப்போய்க் கீர்த்தனா வண்டியின் ஸ்டாண்டு கப்ளரைக் கழற்றினார். உள்ளே ஈரம் புகாமல் தடுக்க ஒரு மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். கடலை மாதிரி ஊறிப் பருத்து, இடத்தில் உட்காராமல் ஒரு பக்கமாகப் பிதுங்கிக் கிடந்தது அது. அந்தச் சந்து வழியாகப் பனி என்ன, ஆறே உள்ளே போகும். அடுத்து, பால் ஊற்ற வந்து நின்ற எல்லப்பன் வண்டி. அங்கேயும் அதே கதை.

ஆனாலும் கண்ணால் பார்க்காமல் அவர் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை. கவுண்டரிலிருந்து புது வளையங்கள் எடுத்து, ஒன்றைத் தண்ணீர்க் கிண்ணத்திலும் ஒன்றைத் தைலக் கிண்ணத்திலும் போட்டு வைத்தேன். காலையில் எடுத்துப் பார்த்தேன். தண்ணீரில் கிடந்தது அப்படியே இருந்தது. தைலத்தில் கிடந்தது பருத்துப்போய், கப்ளருக்குள் நுழையவே மாட்டேன் என்றது.

எப்படிச் சொல்வது என்று தரணிதரன் தயங்கினார். எனக்குத் தயங்கவெல்லாம் வராது. இரண்டு கிண்ணத்தையும் மாமா முன்னால் கொண்டுபோய் வைத்தேன். "மாமா, தண்ணி ஒண்ணுமே பண்ணுலீங்க. உங்க பாசந்தான் வண்டிய நிறுத்திப்போட்டுது. யாரப் புடிக்குதோ அவிய வண்டியெல்லாம் நின்னுபோச்சு. புடிக்காதவன் வண்டி மட்டும் ஜம்முன்னு ஓடுது" என்றேன். கேலியாகத்தான் சொல்ல நினைத்தேன். குற்றம் சொல்கிற மாதிரி வந்து விழுந்தது.

மாமா பருத்த வளையத்தை எடுத்து விரலுக்கிடையில் உருட்டினார். மோந்து பார்த்தார். மெதுவாகக் கீழே வைத்தார். இந்த முறை "செரி"கூடச் சொல்லவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இந்தப் பாழாய்ப்போன வாயைத் தைத்தாலும் தகும்.

கடைக்கு வந்த ஆளுக்குச் சாமான் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாமாவைக் காணோம். நாற்காலி காலி. கொல்லையில் இல்லை, பாலன் தோட்டத்திலும் இல்லை. செருப்பில்லை, குல்லா இல்லை. எனக்கு நல்ல நினைப்பு ஒன்றுகூட வரவில்லை. தரணிதரன் பைக்கை எடுத்துக்கொண்டு பூட்டிக் கிடக்கிற ஃபேக்டரி வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, முகம் வெளிறித் திரும்பி வந்தார். அப்போதுதான் கவனித்தேன். கவுண்டரில் ரப்பர் வளையப் பாக்கெட்டுகள் வைக்கிற டப்பா காலியாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வேலாமணி போன் செய்தாள். "ஏனுங்க்கா, உங்க மாமா எங்க ஊட்டு வாசல்ல குந்தி வண்டியப் பிரிச்சுப் போட்டிருக்காருங்க. வேண்டாமுங்கன்னாலும் கேக்க மாட்டேங்கறாரு. தப்பு அவருதாமா, அவரே மாத்தோணுமாமா. டீ குடுத்தாக் குடிக்க மாட்டேங்கறாருங்க!" அதற்கடுத்து வாத்தியார். அதற்கடுத்து எல்லப்பனின் பெண்டாட்டி. தைலம் வைத்த வண்டி எங்கெங்கே இருக்கிறதோ அங்கெல்லாம் பஸ்ஸிலும் நடையிலுமாகப் போய்க்கொண்டிருந்தார் மனுஷன். தேடிப் போய்க் கூட்டி வருகிறேன் என்று தரணிதரன் கிளம்பினார். "உடுங்க, அவரே வருவாரு" என்று நான்தான் தடுத்தேன். தடுத்துவிட்டு, வாசலை விட்டு நகராமல் நின்றேன்.

வெளிச்சம் குறைகிற நேரத்தில் வந்தார். வேட்டியெல்லாம் சேறு. குல்லாவில் பனி கோத்து நின்றது. வாசற்படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார்.

"சொல்லிட்டுப் போவக்கூடாதுங்களா? இங்க உசுரு போயிருச்சு எங்களுக்கு!" என்று கத்தினேன்.

"கெட்டுப்போன சரக்க வெளிய அனுப்பிப்போட்டு, ஊட்டுல குந்தியிருக்க முடியுமா அம்மிணி? அனுப்புனவன்தான் போயித் திருப்பி எடுக்கோணும்." மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "அந்த நர்ஸுப் புள்ளயப் போயிப் பாத்தேன். வண்டி இங்க நிக்குது, ஆனாலும் மொகத்தப் பாத்துச் சொல்லோணுமல்ல? சொன்னனா, புடி புடின்னு புடிச்சுருச்சு. 'ஐயா, உங்களுக்குப் புத்தியிருக்கா? அந்த மாடு ஒரு முட்டு முட்டியிருந்தா நான் என்ன ஆயிருப்பேன்? எங்கம்மாவுக்கு யாரு இருக்கா?'ன்னு அழுவுது, திட்டுது, அழுவுது. அக்கம்பக்கமெல்லாம் வந்து நின்னு பாக்குது."

தரணிதரனுக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. "வயசுக்காச்சும் மரியாத வேண்டாமுங்களா? நான் போயிக் கேக்கறேன்."

"நீ சும்மாரு" என்றார் மாமா. சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை. "திட்டி முடிச்சுப்போட்டு மொகத்தக் கழுவிட்டு வந்துச்சு. 'நாளைக்கு வண்டிய எடுக்க வருவேன் ஐயா, அந்த வளையத்த மாத்திக் கழுவி வைங்க, எனக்கு ஒம்பது மணிக்குப் போவணும்'னு சொல்லுச்சு. ஃபேக்டரிய மூடுனப்ப என்ன ஒருத்தரும் ஒரு வார்த்த திட்டுலடா. மொதலாளி கையப் புடிச்சுட்டு, 'உங்க வேலையில ஒரு குத்தமும் இல்லீங்க ஆறுச்சாமி'ன்னு சொல்லித்தான் அனுப்புனாரு. குத்தமே இல்லாதவன ஊட்டுக்கு அனுப்பிப்போட்டா, அவன் எதையடா சரி பண்ணிக்கிட்டுத் திரும்பிப் போவான்?"

தரணிதரன் பின்கட்டுக்குப் போய், சாக்கை விலக்கி, மோட்டாரை வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.